தட்டு, நாற்காலி, கால் நகம்

போன இதழில் ஒரு வாசகர், "முதியோர் இல்லத்தில் சேர்ந்தபின் அப்பாவின் கால் குச்சியாகிவிட்டது, ஏன்?" என்று கேட்டிருந்தார். இடம் இல்லாததால் நாலே வரியில் பதில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசையில் ஒரு கட்டாக இருக்கின்றன. திட்டும் உண்டு. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். 26 வருடமாக முதியோர் இல்லங்களில்தான் வேலை. மருந்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. எழுந்து நிற்கச் சொல்லும் அதிகாரம் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 81 வயது. 14 மாதம் முன்பு தடி ஊன்றித் தானே நடந்துதான் இல்லத்துக்குள் போனார். இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். பக்கத்துக் கட்டிலில் 90 வயதுப் பாட்டி ஒருவர், வராந்தாவில் நடமாடிக்கொண்டிருக்கிறார். ஒரே இல்லம், ஒரே சமையல். கேட்டால் "வயசாச்சு இல்லையா" என்கிறார்கள். வயதுதான் காரணம் என்றால் அந்தப் பாட்டி எப்படி நடக்கிறார்?

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நடுவயதைத் தாண்டியதும் எல்லோருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதிலும் சட்டென்று வேகம் காட்டும் தசை இழைகள்தான் முதலில் போகின்றன. தடுக்கினால் சுதாரித்துக் காலை ஊன்ற உதவுபவை அவைதான். தசையின் அளவு குறைவதைவிட அதன் பலம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாகக் குறைகிறது. அதனால் கால் பார்க்க அப்படியேதான் இருக்கும், எழுந்திருக்க மட்டும் முடியாது. "எடை குறையவே இல்லையே" என்று சொல்லி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொண்டால் எடை மெஷினுக்கு என்ன தெரியும்?

இதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். சதைப் பஞ்சம் என்று சொல்லலாம். அதற்குமுன் இதற்குத் தனிப் பெயரே இல்லை, "முதுமை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அமெரிக்க நோய்ப் பட்டியலில் இதற்கென்று ஒரு குறியீட்டு எண் வந்ததே 2016-இல்தான்.

எவ்வளவு தீவிரம் என்று பார்க்க மூன்று விஷயம் கணக்கில் வரும்: பலம் இருக்கிறதா, தசை இருக்கிறதா, அதை வைத்து நடக்க, எழ முடிகிறதா. மூன்றுமே போயிருந்தால் தீவிரம் என்கிறார்கள். ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவுப்படி, பிடிமானி என்ற, கைப்பிடி பலத்தை அளக்கும் கருவியை இறுக்கிப் பிடித்தால் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் காட்டினால் பலம் குறைவு. அந்தக் கருவி இல்லையென்றால் ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள் (பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்). 12 விநாடி, அதற்குமேல் என்றால் கவனிக்க வேண்டும். உங்கள் அம்மாவின் நிலையில் இப்போது இதைச் செய்து பார்க்க வேண்டாம். இல்லத்தில் சேர்ந்த நாளிலேயே யாராவது செய்து குறித்து வைத்திருக்க வேண்டியது இது.

சரி, 90 வயதுப் பாட்டிக்கு வருகிறேன். சில வருடம் முன்பு ஓர் இல்லத்தில், காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை, கூடத்தின் மூலையில் நோட்டுடன் உட்கார்ந்தேன். யார் எத்தனை தடவை எழுந்து நிற்கிறார்கள் என்று கோடு போடுவதுதான் வேலை. ஒருவருக்கு 23 கோடு. ஜன்னல் ஓரம் இருந்த ஓர் அம்மாவுக்கு 4 கோடு, அந்த நாலும் பிறர் தூக்கி நிறுத்தியது. 23 கோடு வாங்கியவர் அந்த அம்மாவைவிட 7 வயது மூத்தவர். அப்படி அவருக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. தண்ணீர் ஜாடி அவர் இடத்திலிருந்து தள்ளி இருந்தது. யார் கண்ணாடியைத் தொலைத்தாலும் தேடித்தருவது அவர்தான். பேப்பரைப் படித்தவர்கள் போட்டது போட்டபடி போனால் அடுக்கி வைக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. யாரும் அவருக்கு உடற்பயிற்சி என்று எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜன்னல் ஓர அம்மாவுக்கோ எல்லாம் கைக்கு வந்தது. தண்ணீர், தட்டு, துண்டு, எல்லாமே. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த 14 மாதத்தில் அம்மா காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ ஒரு வாரம் படுத்தாரா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாரா? பெரும்பாலும் "ஆமாம், அதுக்கப்புறம்தான்" என்று பதில் வரும். ஆரோக்கியமாக இருந்த, சராசரி 67 வயதுக்காரர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு. நோயே இல்லாதவர்கள், வேளாவேளைக்குச் சாப்பிட்டவர்கள். அந்தப் 10 நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போனது. 81 வயதில், நோயும் சேர்ந்து, சாப்பாடும் இறங்காமல் படுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதியவர்களுக்குத் தசை இழப்பு சரிவாக இறங்குவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. ஒரு படுக்கை, ஒரு படி. இளவயதில் எழுந்ததும் ஏறிவிடுகிறோம். அவர்களுக்கு அந்தப் படி தானாக ஏறி வராது, யாராவது ஏற்றிவிட வேண்டும். காய்ச்சல் விட்டு இரண்டாம் நாளே "எழுந்து நிற்கலாமா அம்மா?" என்று கேட்க ஆள் இல்லாததுதான் பல பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது.

இப்போது என்ன செய்வது? பிசியோ ஒருவரை வைத்து, முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைப்பது, அப்புறம் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தொடங்குங்கள். இரண்டு பேர் தூக்குவது ஒரு பேர் தூக்குவதாக மாறினாலே அது பெரிய லாபம்.

கேள்வி: நான் ஓர் இல்லத்தில் சமையல் பொறுப்பில் இருக்கிறேன். புரதம் போதவில்லை என்று குறை சொல்கிறார்கள். நாங்கள் போடுவது போதுமான அளவுதான். சாப்பிடாமல் திருப்பி அனுப்பினால் நாங்கள் என்ன செய்ய?

குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. போன தட்டைப் பார்க்காதீர்கள், திரும்பி வந்த தட்டைப் பாருங்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 முதல் 60 கிராம். நோயிலிருந்து தேறுகிறவர், ஏற்கெனவே மெலிந்தவர் என்றால் 1.2 முதல் 1.5 கிராம். சிறுநீரகம் கடுமையாகக் கெட்டிருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயதான தசைக்குக் கொஞ்சம் காது மந்தம் மாதிரி. இளவயதுத் தசை சிறிது புரதத்துக்கே எழுந்து வேலை செய்யும். இது ஒரே வேளையில் 25, 30 கிராம் வந்தால்தான் திரும்பிப் பார்க்கும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவுதான். காலையில் வெறும் மாவுச்சத்தைக் கொடுத்துவிட்டு, மதியம் மொத்தத்தையும் ஈடுகட்டப் பார்ப்பது பல இல்லங்களின் பழக்கம். அதற்குப் பதிலாக மூன்று வேளைக்கும் பிரித்துப் பாருங்கள்.

இனி திரும்பி வந்த தட்டு. ஒரு பெரியவருக்குப் பசியில்லை என்று குறிப்பேட்டில் மூன்று வாரமாக எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் சாப்பாடு வந்தது. அவர் மூடியைப் பிடித்தார், திருகினார், கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி. மூன்றாம் தடவை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். 20 நிமிடம் கழித்து உதவியாளர் வந்து, "இன்னைக்கும் பசியில்லையா ஐயா?" என்று கேட்டு எடுத்துப்போனார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மூடி திறக்க முடியவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கைப்பிடி பலம் போனதால் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் பலம் இன்னும் போனது. மறுநாள் மூடியைத் திறந்து வைத்தோம், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியவை சமையலறைக்கு வெளியே இருக்கின்றன. பல்செட் வாயில் இருக்கிறதா, டம்ளரில் இருக்கிறதா? மெலிந்தபின் அது தொளதொளவென்று ஆகியிருக்கும், கடித்தால் வலிக்கும். வாயில் புண் இருக்கலாம். விழுங்கும்போது புரையேறுகிறதா? அப்படியானவர்களுக்கு மசித்துக் கொடுக்கிறீர்கள், சரிதான். மசிக்கும்போது தண்ணீர் ஊற்றுகிறீர்களா, பால் ஊற்றுகிறீர்களா? தண்ணீர் ஊற்றினால் கிண்ணம் நிறையும், சத்து பாதியாகும். சீக்கிரம் வயிறு நிரம்பிவிடுகிறவர்கள் முதல் ஐந்து வாயில் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது முக்கியம். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று எது இருக்கிறதோ அது முதலில் போகட்டும்.

மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அலாரம். 50 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் இரண்டரைக் கிலோ, கண்ணுக்குத் தெரியாது. இல்லங்களில் நடந்த ஆய்வுகளில் தசை இழப்போடு திரும்பத் திரும்பக் கைகோத்து வருவது இதுதான்: ஊட்டக்குறைவும், குறைந்த உடல் எடையும்.

கேள்வி: அப்பா 11 மாத்திரை சாப்பிடுகிறார். பகலெல்லாம் தூங்குகிறார். இல்லத்தில் "இப்ப அமைதியா இருக்கார்" என்று சந்தோஷப்படுகிறார்கள். நான் சந்தோஷப்படலாமா? வைட்டமின் டி ஊசி ஒரேயடியாகப் போட்டால் தெம்பு வருமாமே?

அமைதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அமைதியாக இருப்பவரைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை, அதனால் யாரும் பார்ப்பதும் இல்லை.

ஐந்தும் அதற்குமேலும் மாத்திரை என்றாலே அதிகம் என்று கணக்கு. எல்லாமே தேவையாக இருக்கலாம். ஆனால் தூக்க மாத்திரை, மனக்கலக்கத்துக்கான மாத்திரை நடையைத் தள்ளாட வைக்கும். சிலது வாயை வறட்டும், சிலது பசியை அடைக்கும், சிலது எழுந்தவுடன் ரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்ற வைக்கும். ஸ்டீராய்டை நீண்டநாள் சாப்பிட்டால் அது நேரடியாகவே தசையைத் தின்னும். தலைசுற்றுகிறவர் எழுந்திருக்கப் பயப்படுவார், பயந்தவர் உட்கார்ந்தே இருப்பார். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் ஆபத்தான மருந்துகள் இருக்கின்றன. பட்டியல் முழுவதையும் ஒரே தாளில் எழுதி, டாக்டரிடம், "இதில் எதை எதற்காக ஆரம்பித்தோம், இன்னும் அது தேவையா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யாரோ ஆரம்பித்து யாரும் நிறுத்தாத மாத்திரை ஒன்றாவது இருக்கும் என்பது என் அனுபவம்.

வைட்டமின் டி: வெயிலே படாமல் உள்ளேயே இருப்பவர்களுக்குக் குறைபாடு சகஜம். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்றால் சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒரேயடியாகப் பெரிய டோஸ் என்பதில் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் சோதித்தார்கள். அதில் ஒரு பாதிக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழுவது குறையும் என்று நினைத்தால், 2010-இல் முடிவு வந்தபோது, கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், அதிகம் எலும்பு முறித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: நான் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். காலையில் நான் ஒருத்தியே 12 பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் எழுதுவதைப் படித்தால் குற்றமெல்லாம் எங்கள்மேல்தான் என்று தோன்றுகிறது. அவர்களாக எழுந்திருக்கக் காத்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச்சேர முடியும்.

திட்டுக் கடிதம் என்றேனே, அது இதுதான். நியாயமான திட்டு. குற்றம் உங்கள்மேல் இல்லை. ஒருவர் தானே நடந்து போக 8 நிமிடம், சக்கர நாற்காலியில் தள்ளினால் ஒரு நிமிடம் என்றால், 12 பேருக்கு ஓர் ஆளைப் போட்டவர்கள்தான் சக்கர நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார்கள், நீங்கள் அல்ல. ஓர் இல்லத்தில் எத்தனை பேர் தசை வற்றிப் போவார்கள் என்பதை அங்கே எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்தே நான் ஓரளவு ஊகித்துவிடுவேன். இதை நிர்வாகிகளிடமும் சொல்லியிருக்கிறேன், காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சண்டை ஒருபக்கம் நடக்கட்டும். நேரம் கூடுதலாகக் கேட்காத சில விஷயம் சொல்கிறேன். எப்படியும் அவரை எழுப்பி நிறுத்தத்தான் போகிறீர்கள். உடை மாற்ற, டாய்லெட்டுக்கு, நாற்காலிக்கு. தூக்குவதற்குமுன் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லி ஒரே ஒரு மூச்சு காத்திருங்கள். அவர் கால் எவ்வளவு தள்ளுகிறதோ தள்ளட்டும், மீதியை நீங்கள் தூக்குங்கள். கட்டிலும் நாற்காலியும் ரொம்பத் தாழ்வாக இருந்தால் பலம் உள்ளவருக்கே எழ வராது. கைப்பிடி உள்ள, முட்டிக்குச் சமமான உயரமுள்ள நாற்காலி கேளுங்கள். உட்காரும்போது தொப்பென்று விடாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். அந்த மெதுவான இறக்கம் தொடைக்கு நல்ல வேலை. 12 பேரில் யார் இருவர் நேற்றுவரை நடந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த இருவரை மட்டும் கடைசியாக எடுத்து, நடத்திக் கூட்டிப்போங்கள். எல்லாரையும் உங்களால் காப்பாற்ற முடியாது. வழுக்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு பேரைத் தடுத்து நிறுத்தலாம்.

விழுந்துவிடுவார்களே என்ற பயம் வரும். விழுந்தால் உங்களைக் கேட்பார்கள், தசை வற்றினால் யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் விழாமல் இருக்கட்டும் என்று உட்காரவைத்தவர்தான் ஆறு மாதம் கழித்து, நிற்க முயன்ற முதல் நாளே விழுவார்.

இனி என் குற்றம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடக்க மறுத்த ஒரு தாத்தாவின் குறிப்பேட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதினேன். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது வாரம் அவர் சாக்ஸை மாற்றிக்கொண்டிருந்த உதவியாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கட்டைவிரல் நகமும் வெட்டாமல் வளர்ந்து, வளைந்து, சதைக்குள் இறங்கி இருந்தன. பக்கத்து விரலில் சீழ். அவருக்கு மறதி நோய். வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, காலை ஊன்ற மாட்டேன் என்று மட்டும் காட்டத் தெரிந்தது. புண் ஆறிய மறுவாரம் வாக்கரைப் பிடித்து நின்றார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவர் தொடை இழந்ததைத் திரும்ப முழுசாக எங்களால் வாங்க முடியவில்லை. அன்றிலிருந்து புதிதாக யாரைப் பார்த்தாலும் நான் முதலில் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிடுவேன். கண்டுபிடித்தது உங்களைப்போல ஓர் உதவியாளர்தான், நான் அல்ல.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். இல்லவாசிகளின் தசை இழப்புத் தீவிரத்தோடு "தொடர்புடைய காரணிகள்" என்று வயது, ஊட்டக்குறைவு, மறதி, மனச்சோர்வு, அன்றாட வேலைக்குப் பிறரைச் சார்ந்திருத்தல் என்று பட்டியல் படித்தோம். இவையெல்லாம் காரணங்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தொடர்பு வேறு, காரணம் வேறு. ஒரே நாளில் எல்லோரையும் அளந்து பார்க்கும் ஆய்வு, இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்றுதான் சொல்லும். எது முதலில் வந்தது என்று சொல்லாது. மனச்சோர்வு வந்ததால் எழவில்லையா, எழ முடியாததால் சோர்ந்து போனாரா? மேலே நான் கோடு போட்ட கதையிலும் இதே ஓட்டை உண்டு: பலம் இருந்ததால்தானே அவர் 23 தடவை எழுந்தார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பட்டியலை நான் வேறு விதமாகப் பிரித்துக்கொள்வேன். வயதை மாற்ற முடியாது. மறதி நோயைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. ஆனால் அதோடு வரும் சாப்பிட மறப்பது, பசியைச் சொல்லத் தெரியாதது, வலியைச் சொல்லத் தெரியாதது ஆகிய மூன்றையும் கவனிக்க முடியும். இதயம் பலவீனமாக இருப்பது, சர்க்கரை, நாள்பட்ட அழற்சி இவையெல்லாம் உள்ளிருந்து தசையை அரிப்பவை. அங்கே டாக்டர் வேண்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, ஆனால் இல்லத்தில் அதைக் கண்டுபிடிப்பதே அபூர்வம், "வயசாச்சு" என்று போய்விடும். காதும் கண்ணும் உங்கள் பட்டியலில் இல்லை. கேட்காதவர் கூடத்துக்கு வரமாட்டார், தெரியாதவர் காலை எடுத்து வைக்கமாட்டார். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று தெரியாது.

கேள்வி: அம்மா, எனக்கு 84 வயது. இல்லத்தில்தான் இருக்கிறேன். உங்கள் பக்கத்தை நானே படிக்கிறேன். இந்த வயதில் உடற்பயிற்சி செய்து தசை வரும் என்பதெல்லாம் பேச்சுக்குத்தானே?

பேச்சுக்கு இல்லை ஐயா. நீங்கள் ரொம்ப இளையவர். பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், சராசரி 90 வயதுக்காரர்கள் 10 பேரை எடை தூக்க வைத்தார் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மீதி 9 பேருக்கும் 8 வாரத்தில் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். இது 1990-இல் வெளியானது. "9 பேர்தானே" என்று பலர் இழுத்தார்கள். 1994-இல் அவரே 100 இல்லவாசிகளிடம், சராசரி வயது 87, 10 வாரம் செய்து காட்டினார். பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரட்டிப்புக்கும் மேல். கவனிக்க வேண்டியது இன்னொன்று: சத்துப்பானம் மட்டும் குடித்துவிட்டுப் பயிற்சி செய்யாதவர்களுக்குப் பலம் கூடவில்லை. டப்பா வாங்கித் தந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள்.

ஒரு நிபந்தனை. அது கைகால் அசைக்கும் பயிற்சி இல்லை, நிஜமாகவே கனமான எடை; வாரம் மூன்று நாள், பக்கத்தில் ஆள் நின்று சொல்லிக்கொடுத்தது. முதல் ஆய்வில் பயிற்சியை நிறுத்தி 4 வாரம் ஆனதும், கூடிய பலத்தில் கணிசமானது இறங்கிவிட்டது. ஆகவே டாக்டரிடம் இதயம், ரத்த அழுத்தம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். காலை, மதியம், மாலை சாப்பாட்டுக்குமுன் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். முதலில் கைப்பிடியை ஊன்றலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு கை, அப்புறம் கை இல்லாமல். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கெண்டைக்காலை அளந்தால் தசை தெரிந்துவிடும் என்றார்கள். பாட்டிக்கு 36 செ.மீ. வந்தது. அப்படியானால் நல்லதுதானே? ஆனால் நிற்க முடியவில்லை.

பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே வந்தால் சந்தேகம் என்பது அந்தக் கணக்கு. ஆனால் நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காலில் நீர் இறங்கி வீங்கும், டேப் அதையும் தசை என்று அளக்கும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின்மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அந்த 36-ஐ நம்பாதீர்கள். வீக்கம் ஏன் என்று டாக்டரிடம் காட்டுங்கள். இதயமோ சிறுநீரகமோ ரத்தத்தில் புரதக் குறைவோ காரணமாக இருக்கலாம். அளப்பதாக இருந்தால் காலையில், கட்டிலைவிட்டு இறங்குமுன் அளவெடுங்கள்.